அத்தை செருப்பு கழற்றிய இடம்

நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிரில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு விற்பார்களே, அதுதான். மேற்குப் பிரான்சில் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், கூரை இடிந்துபோன பழைய மடாலயத்தின் வாசலில் அந்தச் செருப்பு ஜோடி சேர்ந்தாற்போல் ஓரமாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம். சுற்றிலும் நிற்கிறவர்கள் கணுக்காலுக்கு மேல் ஏறிய கனத்த ஷூக்களோடு உள்ளே போய்வந்துகொண்டிருக்க, என் அத்தை மட்டும் வெறுங்காலோடு புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஊர் விட்டு ஊர் வந்தும் இந்த மானக்கேடா என்று நினைத்தேன். அவள் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டுதான் அப்படி நினைத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூலி வேலைக்குப் போன குடும்பம் எங்களுடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த புதுச்சேரி மாப்பிள்ளைக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், முப்பது வருடமாக அந்தக் கிராமத்து முதியோர் இல்லத்தில் சமையல்கட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றாள். மாமாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்றானபோது ஒரு மாதம் ஒத்தாசைக்கு என்று டிக்கெட் போட்டு என்னை வரவழைத்தாள். நான் விழுப்புரத்தில் நில அளவைத் துறையில் இருக்கிறேன். புதைந்துபோன சர்வே கல்லைக் கடப்பாரையால் குத்தித் தேடி எடுப்பதுதான் என் பிழைப்பு. கல்லைப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

மாமா மருத்துவமனையிலிருந்து வந்து கட்டிலில் சாய்ந்தபடி டிவி பார்க்கத் தொடங்கியதும், அத்தை என்னைத் தன் வழக்கமான நடைக்கு இழுத்துப் போனாள். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சங்கராபரணி ஆற்றில் வருடத்தில் பாதி நாள் மணலைத்தான் பார்க்க முடியும். அங்கே ஆறு கரை தொட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கரையோரம் ஒற்றையடிப் பாதை, வரிசையாக உயர்ந்த மரங்கள், கட்டிவைத்த தட்டைப் படகுகள், அசையாமல் நின்ற நாரை. பாதை முடிகிற இடத்தில் அந்த மடாலயம். நம் பக்கம் சோழர்கள் கோயில் கட்டிய காலத்தில் துறவிகள் எழுப்பியதாம். இப்போது நான்கு சுவரும் ஒரு வளைவும்தான் மிச்சம். அதன் பின்வாசலிலிருந்து ஆற்றில் இறங்கும் ஏழு கல்படிகள், காலங்காலமாக நனைந்து காய்ந்து கறுத்துப்போய்க் கிடந்தன.

"யாரும் கழட்டலையே அத்தே. உள்ள சாமி கூட இல்ல. மாட்டிக்கினு வா."

"சாமி இருந்த எடந்தானே? அது எழுந்து போயிட்டா செருப்புக் காலோட மிதிச்சிடலாமா?" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினாள். மூன்றாவது படியில் நின்று, வலதுகால் பெருவிரலால் கல்லை மெல்லத் தடவினாள். "இங்க எழுத்து இருக்குதுடா. கண்ணுக்குத் தெரியாது. காலுக்குத் தெரியுது."

அவள் கால் லேசுப்பட்ட கால் இல்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடித்த கொல்லையில் மிச்சம் மீதியைப் பொறுக்கிக்கொள்ள எங்கள் தெருப் பிள்ளைகளை விடுவார்கள். எல்லோரும் குச்சியால் கிளறிக்கொண்டிருக்க, அத்தை கால்விரலால் மண்ணைத் துழாவியே மடி நிறைத்துவிடுவாள் என்று அப்பா சொல்வார். அந்தக் கால் எழுத்து என்று சொன்னதை ஊராட்சி அலுவலகத்துக்காரர் ஒருவர் வந்து பார்த்திருக்கிறார். உச்சி வெயிலில் இரண்டு படம் எடுத்துவிட்டு, வெறும் தேய்மானக் கீறல் என்று சிரித்துவிட்டுப் போனாராம். இப்போது யாரோ வழுக்கி விழுந்ததால் அந்தப் படிகளின் மேல் சிமெண்டு கொட்டிச் சாய்தளம் போடப்போகிறார்கள். வேலை திங்கட்கிழமை ஆரம்பம். நாங்கள் அங்கே நின்றது சனிக்கிழமை.

நான் குனிந்து, கையால் தடவி, மொபைல் விளக்கை அடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "அத்தே, நான் தெனம் கல்லு பாக்கறவன். இது வெறும் கீறல்தான். நீ ஏன் இந்த ஊர்க்காரங்ககிட்ட சொல்லிச் சொல்லி பேஜாரு பண்ணிக்கினு இருக்க?" என்றேன்.

அத்தை படியேறி மேலே வந்தாள். "முப்பது வருசமா இந்த ஊருல எல்லாரும் எனக்கு வழி சொன்னாங்க. இப்படிப் பேசு, இப்படி நில்லு, குப்பைய இதுல போடுன்னு. நான் யாருக்கும் ஒண்ணும் சொன்னதில்ல. சொன்னது இந்த ஒண்ணுதான்," என்றாள். திரும்பும் வழி முழுக்க எனக்குப் பத்தடி முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அதற்கு நான் முழுத் தகுதியானவன்.

மறுநாள் காலை, வழக்கம்போல் வாசலில் கோலம் போட்டாள். அந்தத் தெருவில் அது பழகிப்போன காட்சி. தபால்காரர்கூடக் காலை அகட்டி வைத்துக் கோலத்தைத் தாண்டிப் போவார். வாசல் சிமெண்டில் பழைய விரிசல் ஒன்று இருந்தது. கையிலிருந்து சிந்திய மாவைப் புறங்கையால் தள்ளிவிட்டபோது, மேலே இருந்தது போய், விரிசலுக்குள் விழுந்தது மட்டும் வெள்ளைக் கோடாக நின்றது. அத்தை அதையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், எவர்சில்வர் டிபன் டப்பா நிறைய அரிசிமாவை அள்ளினாள். மூடிய டப்பாவைப் பார்த்து, வழிக்கு இட்லி கட்டியிருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால், அந்த ஊர் நடைக்குழு ஆற்றோரமாக மடாலயத்துக்கு வரும் நாள் அது. இருபது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். முன்னால் நடந்து கதை சொல்கிறவர் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை. படம் எடுத்துவிட்டுச் சிரித்த ஊராட்சிக்காரரும் வந்திருந்தார். ஆசிரியை வளைவைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தை செருப்பை ஓரமாகக் கழற்றினாள். படியிறங்கி மூன்றாவது கல்லில் குந்தினாள். டப்பாவைத் திறந்து, ஒரு கை மாவை அள்ளிக் கல் மேல் தூவினாள். பேச்சு நின்றுவிட்டது. மாவு வெறும் மாவாகவே கிடந்துவிட்டால் இவள் இந்த ஊரில் மீண்டும் தலைநிமிர்ந்து நடப்பது எப்படி என்று பயந்தேன்.

உள்ளங்கையின் விளிம்பால் அத்தை ஒரே இழுப்பாக மாவை வழித்தாள். கறுத்த கல்லில் வெள்ளையாக ஒரு நீளக் கோடு. அதன் கீழே ஒரு சிலுவை. இன்னொரு முறை வழித்தாள். சிலுவைக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, ஐந்து என்று எழுத்துகள் எழுந்து வந்தன. எனக்கு ஒன்றும் புரியாத பழங்காலத்து எழுத்து, அத்தைக்கும்தான். ஆனால் எழுத்து என்பதில் குருடனுக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்காது.

ஆசிரியை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படியில் முட்டி போட்டு உட்கார்ந்தார். விரலால் தொடாமல் ஒவ்வோர் எழுத்தாக உதட்டுக்குள் கூட்டினார். பிறகு சத்தமாக வாசித்து, இன்றைய பிரெஞ்சில் பொருள் சொன்னார். அத்தை எனக்குத் தமிழில் சொன்னாள். "ஆறு இது வரைக்கும் வந்துச்சாம்டா. கடவுள் நிறுத்தினாராம்." வெள்ளம் ஏறி மடாலயத்து வாசலுக்கு இரண்டு படி கீழே நின்ற ஏதோ ஒரு வருடத்தில், உயிர் பிழைத்த யாரோ ஒருவன் வெட்டிவைத்தது. ஆசிரியை அத்தையின் மாவுக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஊராட்சிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, அங்கேயே நின்று யாருக்கோ போன் போட்டார். நாளைக்குச் சிமெண்டு வண்டி வர வேண்டாம் என்று சொல்கிறார் என்பதை மொழி தெரியாத நானும் புரிந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன்.

மாவில் எறும்பு வரும், கல்லுக்கும் ஆகாது, அடுத்த முறை இப்படிச் செய்யக்கூடாது என்று ஆசிரியை செல்லமாகக் கண்டித்தார். அத்தை அந்த டப்பாவிலேயே ஆற்றுநீர் மொண்டு படியைக் கழுவினாள். அப்போது ஊராட்சிக்காரர், தொப்பியை இன்னும் கையில் பிடித்தபடி, அவளிடம் ஏதோ கேட்டார். அத்தை என் பக்கம் திரும்பினாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"இன்னா சொல்றாரு அத்தே?"

"வேற எங்க எங்க எழுத்து இருக்குது, வந்து காட்டுங்கன்றாரு."

அத்தை அவர்களைப் பார்த்துப் பிரெஞ்சில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். முதலில் ஆசிரியை குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். பிறகு ஊராட்சிக்காரர். பிறகு ஒவ்வொருவராக. சேறு ஒட்டிய இருபது ஜோடிக் கனத்த ஷூக்கள் மடாலயத்து வாசலில் வரிசையாக நிற்க, இருபது வெள்ளைக்காரர்கள் கூச்சத்தோடு கால்விரலைச் சுருக்கிச் சுருக்கி வைத்து என் அத்தையின் பின்னால் உள்ளே போனார்கள். நானும் கழற்றினேன். சாய்தளத்தை இப்போது மறுபக்கம் போட்டிருக்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறுகளில் அத்தையும் ஆசிரியையும் சேர்ந்துதான் குழுவை நடத்துகிறார்கள்.

இந்தத் தை மாதம் அத்தை ஊருக்கு வந்தாள். எங்கள் கிராமத்துக் கோயிலும் அந்த மடாலயத்தின் வயதுதான் இருக்கும். இப்போது யாரும் யாரையும் தடுப்பதில்லை. ஆனாலும் அத்தையின் அப்பா, என் தாத்தா, கடைசிவரை மதிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டே திரும்பினார். எங்கள் தெருவில் வயதானவர்கள் பலருக்கு அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. அத்தை மதிலருகே நிற்கவில்லை. நேராக வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினாள். உள்ளே நுழைந்தாள். மண்டபத்தில் நாலடி வைத்ததும் அவள் வலதுகால் நின்றது. பெருவிரல் தரையைத் தடவியது.

தீபாராதனைக்குக் கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்தவரை எனக்குத் தெரியும். அவர் வீட்டுக் கொல்லையில்தான் சின்ன வயதில் அத்தை மல்லாட்டை பொறுக்கினாள். அத்தை கையை நீட்டி நிறுத்தினாள்.

"இங்க எழுத்து இருக்குதுங்க. மிதிக்காம கொஞ்சம் ஒதுங்கிப் போங்க."

அவர் கீழே பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு ஒதுங்கினார். அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தீபாராதனை முடியும்வரை அத்தை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

நாங்கள் வெளியே வந்தபோது வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அத்தையின் நீலப் பட்டைச் செருப்பை வழக்கப்படி ஓரத்தில் தேடினேன். அவள் அதை நட்டநடுவில் கழற்றி விட்டிருந்தாள்.