ஆடிக்குள் எரிய வேண்டிய அடுப்பு

குப்பையிலிருந்து கேஸ் எடுப்பது சுலபம். குப்பை போட்டவர்களையே அதில் சமைக்க வைப்பதுதான் தொழில். புதிதாக ஒன்றை விற்கப் போய் நாலு பேர் முன்னால் திருதிருவென்று முழித்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நாமெல்லாம் ஒரே கட்சி.

பரவை மார்க்கெட் பக்கம் சாப்பாட்டுக் கடை நடத்தும் செல்வி அக்காதான் என் முதல் வாடிக்கையாளர். கடைக்குப் பின்னால் டேங்க் வைத்தேன். சாணிக் கரைசலை ஊற்றி, தினமும் காய்கறிக் கழிவும் மிச்சச் சோறும் போட்டால், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று கேஸ் கொடுக்கும். இந்த அடுப்பு எரிந்தால் மார்க்கெட்டே என்னை நம்பும். எரியாவிட்டால் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

முகூர்த்த நாள்

டேங்கின் மூடி மேலே எழும்பியதும், கேஸ் வந்துவிட்டது என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். முதலில் வருவது எரியாது, அதைத் திறந்து வெளியே விட வேண்டும் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. வைகாசி முகூர்த்தம் பார்த்து, பால் காய்ச்சச் சொந்தபந்தங்களைக் கூப்பிட்டாயிற்று.

தீக்குச்சியைக் காட்டினேன், அணைந்தது. இன்னொன்றும் அணைந்தது. மஞ்சள் கொத்து கட்டிய பால் குண்டானையும் என்னையும் எல்லாரும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அக்கா பாலைத் தூக்கிக்கொண்டு சொன்னார்:

"ஆனி முடியுற வரைக்கும் பாப்பேன் தம்பி. ஆடி பொறந்துட்டா நான் எதையும் புதுசாத் தொடங்க மாட்டேன். அப்பறம் நீ டேங்கைத் தூக்கிட்டுப் போயிரு."

சுத்தம்

சில நாளில் மூடி எழும்புவதே நின்றுபோனது. திறந்து பார்த்தால் ஆஸ்பத்திரி வாசனை. பாத்திரம் கழுவும் பாண்டியம்மாளிடம் விசாரித்தேன். அந்த அம்மாள் முகத்தில் அப்படியொரு பெருமை.

"சாப்பாட்டுக் கடைல நாத்தம் அடிச்சா எவன் வருவான்? அதான் பினாயில் ஊத்துனேன்ணே. உள்ள இருக்குற பூச்சி அம்புட்டும் செத்துருக்கும்."

சோழவந்தான் சாணி

டேங்கைக் காலி செய்து, கழுவி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். விடுவதாக இல்லை. சாணிக்காக, சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் கருப்பையாவிடம் போனேன். அவர் தயங்கினார், அது அவருடைய உரம். கேஸ் போன பிறகும் சத்தெல்லாம் கரைசலிலேயே இருக்கும் என்று விளக்கினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப கேஸை நீ வச்சுக்க மாப்ள. கரைசலை எனக்குக் கொண்டாந்துரு. அடுப்பு எரியலைனாலும் கொண்டாந்துரு."

கடைசி வெள்ளி

ஆனி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் ஒன்பதரைக்கு. இந்தத் தடவை கேஸ் நன்றாகவே இருந்தது. ஆனால் குழாயில் தண்ணீர் கோத்துக்கொண்டு, தீ துப்பித் துப்பி அணைந்தது. குழாயைக் கழற்றித் தண்ணீரை வடித்து மறுபடி மாட்டுவதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்ததும் டேங்கைக் கழற்றிக்கொள் என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார். நான் போகவில்லை. பர்னரைப் பற்றவைத்தேன். நீலமாக, நிதானமாக எரிந்தது. பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம். சாம்பார் பாதி கொதியில் இருக்கும்போது சிலிண்டர் தீர்ந்துவிட்டது. இருந்த மாற்றுச் சிலிண்டரும் காலி. வாசலில் ஆட்கள் இலைக்கு வந்துவிட்டார்கள். அக்கா பின்பக்கம் ஓடிவந்து, எரிகிற அடுப்பைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ராகுகாலம் முடிய இன்னும் நேரம் இருந்தது.

"சாம்பாருக்கு ஏதுடா ராகுகாலம்? குண்டானை ஒரு பக்கம் பிடி, தம்பி."

ஆக, செல்வி அக்கா கடையிலிருந்து நான் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தது ஒரே ஒரு பொருள்தான்: பாண்டியம்மாளின் பினாயில் பாட்டில்.