ஏழாவதாக நின்ற சாவி

இருந்தவரை அவரை எல்லோரும் சர்வர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் பல வருடம் அவர் ஏதோ ஓட்டலில் பரிமாறுகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். கடைசியாக வழியனுப்ப வந்த கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விவரம் தெரிந்தது.

அச்சகம், மருந்துக் கடை, பள்ளிக்கூடம் என்று சின்னச் சின்ன இடங்களின் பதிவுகள் எங்கோ தூரத்துக் கட்டடங்களில் இருக்கும் சர்வர் என்ற கணினிகளில் ஓடுகின்றன. அவை படுத்துக்கொண்டால் எழுப்புவது அக்காவின் வேலை. அலுவலகம் என்று தனியாக எதுவும் கிடையாது. தம்பி வீட்டுப் பின்னறை, ஈரத் துணி தொங்கும் கொடி, அதற்குக் கீழே ஒரு லேப்டாப். சொட்டுகிற துணியை மட்டும் அவ்வப்போது தள்ளிவிட்டுக்கொள்வார்.

அந்த வேலையில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. பாஸ்வேர்டை ஊகித்து எவனும் நுழைந்துவிடக் கூடாது என்று, பாஸ்வேர்டு போட்டு நுழையும் வழியையே எல்லாக் கணினியிலும் அடைத்துவிட்டார். கோப்பாக இருக்கும் ரகசியச் சாவி ஒன்றுதான் வழி. ஓர் இடத்துச் சாவி இன்னோர் இடத்தில் சேராது. கடையே மூடிப் போனாலும் அதன் சாவியை அழிக்க அவருக்கு மனம் வராது. "நம்பிக் குடுத்தாங்க. நாளைக்கே திரும்பத் தொறந்தா?" என்பார். எல்லாவற்றையும் ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் செயலிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். கைரேகை வைத்தால் போதும், அதுவே சாவியை எடுத்துக் கதவில் காட்டும்.

ஒரு நாள் காலை, தம்பி மனைவியிடமிருந்து போன். அவள் டயாலிசிஸ் மையத்தில் நர்ஸ்.

"அண்ணி, ஸ்க்ரீன் வெள்ளையா நிக்குது. மொத ஷிஃப்ட் ஆளுங்க எல்லாம் வந்து உக்காந்தாச்சு."

யார் உடம்பில் எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், போன முறை என்ன ஆயிற்று, எல்லாம் அந்தக் கணினியில்தான் இருந்தது. அது தெரியாமல் ஒருவரையும் மெஷினில் போட மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பி அனுப்பினால் அவர்கள் வீங்கிய காலோடு இன்னொரு நாள் காத்துக் கிடக்க வேண்டும். அந்த மையத்தின் கணினியை அக்காவிடம் ஒப்படைக்கச் சொல்லி டாக்டரிடம் அடித்துப் பேசியவளும் இதே நர்ஸ்தான்.

அக்கா கைரேகை வைத்தார். கதவு திறக்கவில்லை. முயற்சிகள் அளவுக்கு மீறிவிட்டன என்று ஒரு வரி வந்து, தொடர்பு அறுந்தது.

"ஒரே ஒரு தடவைதானே தட்டினேன்!" என்று முணுமுணுத்தார். பாஸ்வேர்டு மேனேஜர்தான் மக்கர் பண்ணுகிறது என்று அதை மூடித் திறந்து மறுபடி தட்டினார். அதே வரி. மூன்றாவது முறைக்கு நீண்ட விரல் அந்தரத்தில் நின்றது. மூன்று முறை தவறினால் ஒரு மணி நேரம் யாருக்கும் திறக்காதபடி காவல் வைத்தவர் அவரேதான்.

"என்ன அண்ணி, தொறந்துச்சா?"

"பூட்டு போட்டது நான். காவல் வெச்சது நான். இப்போ வெளிய நிக்கிறதும் நான்."

"ரொம்ப நல்லாருக்கு. டாக்டர்கிட்ட இதையே சொல்லிடட்டுமா?"

"கொஞ்ச நேரம் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருடி."

தட்டியது ஒருமுறை, எண்ணிக்கை மட்டும் எப்படி மீறும்? இந்த லேப்டாப்பிலிருந்தே ஏதோ ஒன்று நிறையத் தட்டியிருக்க வேண்டும். அக்கா கதவுப் பக்கமே போகவில்லை. பாஸ்வேர்டு மேனேஜர் எந்தெந்தச் சாவியை எந்த வரிசையில் நீட்டுகிறது என்று மட்டும் பார்த்தார். பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"இங்க டாக்டர் என்னை முறைக்கிறாரு, உங்களுக்குச் சிரிப்பு வருதா?"

"எந்தச் சாவி எந்தக் கதவுக்குன்னு அதுக்குத் தெரியலடி. மேலேர்ந்து ஒண்ணொண்ணா நீட்டிக்கிட்டே போகுது. உங்க கதவு ஆறு சாவி வரைக்கும்தான் பாக்கும். உங்க சாவி ஆறாவதா நின்னுட்டிருந்துச்சு, பிரச்சினையில்ல. நேத்து புதுசா சலவைக் கடைச் சாவியை மேல வெச்சேன். உங்களுது ஏழாவதுக்குப் போயிடுச்சு. மூணாவது யாரு தெரியுமா? அந்த வீடியோ கடைக்காரர். அவர் கடை இருந்த எடத்துல இப்போ பாலமே ஓடுது."

"அண்ணி, உங்க கால்ல விழறேன், அந்தக் குப்பையைத் தூக்கிப் போடுங்க."

"வேற வழி இருக்கு."

ஒவ்வொரு சாவிக்கும் வெளியே காட்டக்கூடிய ஒரு பாதி உண்டு. டயாலிசிஸ் சாவியின் அந்தப் பாதியைத் தனியே ஒரு கோப்பில் வைத்து, இந்தக் கதவுக்கு இதை மட்டும் நீட்டு, வேறு எதையும் நீட்டாதே என்று லேப்டாப்பில் எழுதினார். எழுதியதை எழுத்தெழுத்தாகப் படித்தார். மீதி இருந்தது ஒரே வாய்ப்பு. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு வைத்தார்.

திறந்தது.

உள்ளே போய், நின்றிருந்த நிரலைத் தட்டி எழுப்பினார். போனில் நர்ஸின் குரல் வார்டு முழுக்கக் கேட்கும்படி எழுந்தது. "வந்திடுச்சு டாக்டர்! எங்க அண்ணி சரி பண்ணிட்டாங்க!"

"தாமதமானதும் எங்க அண்ணியாலதான்னு சேத்துச் சொல்லு."

"அதை நீங்களே சொல்லுங்க. நான் பெருமையடிக்கிற நேரத்துல குறுக்க வராதீங்க."

அக்கா ஸ்பீக்கரில் டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னார். சொல்லி முடித்தும் போனை வைக்க மனமில்லை. அந்தப் பக்கம் மெஷின்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.

"என்ன சிஸ்டர், போன தடவை மாதிரி என்னைப் பிழிஞ்சு காயப்போட்டுடாதீங்க" என்றது ஒரு கிழட்டுக் குரல்.

"இல்லைங்க ஐயா. போன தடவை உங்களுக்கு மயக்கம் வந்ததுன்னு இங்க எழுதியிருக்கு. இன்னிக்குக் கொறச்சுத்தான் எடுக்கப் போறோம். கையைக் குடுங்க."

அக்கா அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தோளில் ஈரத் துணி சொட்டியது. தள்ளிவிடத் தோன்றவில்லை.