முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த கடிதம்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுண்ணாம்பு அடிப்பதற்காக முருகன் படத்தைக் கழற்றினேன். அது ஆணியிலிருந்து முன்பக்கம் சாய்ந்து தொங்கும் பெரிய படம். கழற்றியதும் பின்னாலிருந்து மண்ணிறக் கடித உறை ஒன்று தரையில் விழுந்தது. உறையில் அரச வங்கியின் முத்திரையும், தங்கையின் பெயரும், எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெயரும், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் எண்ணும் இருந்தன. மேல்பக்கம் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. கையில் எடுத்துத் திருப்பியபோதுதான் அடிவிளிம்பு பிளேடால் நேர்த்தியாக வெட்டப்பட்டிருப்பதைக் கண்டேன்.

உள்ளே சிங்களத்தில் ஒரு பக்கக் கடிதம். சட்டப் படிப்புக்கான அரசாங்க மாணவர் கடன் அனுமதிக்கப்பட்டிருப்பதாகவும், பிணை நிற்கும் இருவருடன் பதினான்கு நாட்களுக்குள் வந்து கையெழுத்திட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்திய கடிதம். தேதி தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். அலமாரியைத் திறந்து அந்த வருடத்துக் கொப்பியை எடுத்தேன்.

தங்கைக்குப் பல்கலைக்கழகச் சட்டபீடம் சொற்பப் புள்ளிகளில் தவறிப்போன வருடம் அது. வட்டியில்லாத கடன் கொடுத்து வெளியே தனியார் நிறுவனத்தில் பட்டம் படிக்க வைக்கும் அரசாங்கத் திட்டத்துக்கு அவளே விண்ணப்பித்தாள். மஸ்கெலியா தோட்டத்திலிருந்து பஸ் ஏறி ஹட்டனுக்கும் அங்கிருந்து கொழும்புக்கும் நேர்முகத்துக்குத் தனியாகப் போய் வந்தாள். பிணைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் நான், திம்புள்ளப் பக்கம் ஒரு பாடசாலையில் புதிதாக நியமனம் பெற்று, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வந்து கொண்டிருந்தேன். மற்றவர் டவுனில் புடைவைக்கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர். "புள்ள வக்கீலாகி வந்தா நம்ம கடைக் கேஸுக்கு பீஸ் எடுக்கப்படாது, இப்பவே சொல்லிட்டேன்" என்று சிரித்தபடி படிவத்தை வாங்கிக்கொண்டார்.

வங்கி என்னிடம் கேட்ட நியமன உறுதிக் கடிதத்தை நான் மூன்று நாள் தாமதமாகக் கொடுத்தேன். கொப்பியில் அதுவும் இருக்கிறது.

அதன் பிறகு வெறும் காத்திருப்பு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, 'கடிதம் வரவில்லை' என்று எழுதியிருக்கிறேன். தீபாவளிக்கு முந்திய வாரம், 'தங்கை வீடு முழுக்கக் கழுவினாள், படங்களையெல்லாம் துடைத்தாள்' என்று ஒரு வரி. அதற்கடுத்த திங்கட்கிழமை அவள் வங்கிக்குப் போனாள். அந்த வாரக் கடைசியில் நான் வந்தபோது, "இந்த வருசம் முடிஞ்சிருச்சாம்ண்ணே. அடுத்த வருசம் அடுத்த பேட்ச் புள்ளைங்களுக்குத்தானாம்" என்றாள். என்னால் ஆனதா என்று கேட்டேன். "யார் மேலயும் தப்பு இல்லண்ணே. சாப்பிடுங்க" என்றாள். நான் நம்பவில்லை. அந்த மூன்று நாளை ஒன்பது வருடம் சுமந்தேன். அவள் கொழும்பில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போனாள். இன்னும் அங்கேதான், மற்றவர்கள் பேசப்போகும் வழக்குகளைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

கொப்பியைப் புரட்டிக்கொண்டே போய், அடுத்த தைப்பொங்கல் பக்கத்தில் நின்றேன். அன்று அம்மா சொன்ன ஒரு கதையை, அவருடைய பேச்சு அழகாக இருந்ததென்று, அப்படியே எழுதி வைத்திருந்தேன்.

"புள்ளையோட டியூசனுக்கு என் தோட்டை பேங்க்ல அடகு வச்சேன். ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. ஒருநா காலையில பெரட்டுல கணக்கப்புள்ள, 'நாலாம் லயம், பேங்க் கடுதாசி'ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி கத்துறாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மேல் லயத்துக்காரிக்கு இப்படித்தான் கடுதாசி வந்து நகை ஏலம் போச்சு. வாங்கி இடுப்புல சொருகிட்டு வந்து முருகன் பின்னால வச்சிட்டேன். நீயே பாத்துக்கப்பான்னுட்டேன். பாத்துக்கிட்டாரே! தீவாளி அட்வான்ஸ்ல மீட்டுட்டேன்."

தோட்டத்துக்கு வரும் தபாலெல்லாம் ஆபீசுக்கு வந்து, காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடும்போது லயத்தின் எண்ணைச் சொல்லித்தான் கொடுக்கப்படும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தங்கை காத்திருந்தது ஏதோ அரசாங்கக் கடிதம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்; எங்கள் லயத்தில் வங்கிக் கடிதம் என்றால் ஒரே அர்த்தம்தான். அந்த மாதங்களில் அவர் காதில் வேப்பங்குச்சி செருகியிருந்ததையும், புண் என்று சொன்னதையும் அந்தக் கதை கேட்ட பிறகே புரிந்துகொண்டேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

அந்தப் பக்கத்தின் கடைசி வரி இது: 'தங்கை சிரித்தாள். "நல்ல பாதுகாப்பான எடந்தாம்மா" என்றாள்.'

படங்களைத் துடைத்த நாளிலேயே அவள் கண்டெடுத்திருக்கிறாள். அம்மா படத்தின் மேல்பக்கமாக எட்டிப் பார்த்தாலும் பிரிக்காத கடிதமாகவே தெரியட்டும் என்று அடிப்பக்கத்தை வெட்டியிருக்கிறாள். பதினான்கு நாட்கள் கடந்துவிட்டதைப் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்திருக்கிறாள். நான் ஒவ்வொரு சொல்லையும் எழுதி வைத்துக்கொண்டு எதையும் அறியாமல் இருந்திருக்கிறேன்.

அன்று மாலை அவளுக்குத் தொலைபேசினேன். ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை போலும். விசைகளின் சத்தம் கேட்டது.

"முருகன் படத்தைக் கழட்டினேன்மா" என்றேன்.

சத்தம் நின்றது.

"அம்மா இருக்கும்போது அதைக் கழட்டலையேண்ணே?"

"இல்ல. இன்னைக்குத்தான்."

"அப்ப சரி" என்றாள். மறுபடி விசைகளின் சத்தம் தொடங்கியது. "நாளைக்கு கோர்ட்டுக்குக் குடுக்கணும். பொறவு பேசுறேண்ணே."

சுண்ணாம்பு காய்ந்த பிறகு படத்தை அதே ஆணியில் மாட்டினேன். வீட்டில் வேறு யாருமில்லை. யாரிடமிருந்தும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அறைக்குள் இரண்டு தடவை சுற்றி வந்தேன். பிறகு, வைக்க வேறு இடம் தெரியாமல், படத்துக்குப் பின்னாலேயே செருகினேன்.