சாணத் தொட்டி மேல் ஏறிய நர்ஸம்மா

விஸ்வநத்தத்துக்குத் தெற்கே பட்டாசுத் தொழில் நடக்கும் ஒரு சிற்றூரில் இருந்த சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஞானதீபம் நர்ஸாக வந்தது ஐம்பதுகளின் கடைசியில். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை சாத்தூரிலிருந்து வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் டாக்டரும் ஞானதீபம்தான், கம்பவுண்டரும் அவர்தான், கூரை ஒழுகினால் ஏறிப் பார்ப்பவரும் அவர்தான். ஒல்லி உடம்பு, கணீர் குரல். ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் பிஷப்பே வந்து சொன்னாலும் கேட்கமாட்டார் என்று ஊரில் பேச்சு. அது பொய்யில்லை.

அவருடைய பெருங்கவலை வெந்நீர். பிரசவம் என்றால் கத்தரிக்கோல், நூல், துணி எல்லாம் கொதிக்க வேண்டும். மண்ணெண்ணெயோ அடிக்கடி குதிரைக்கொம்பாகிவிடும். கருவேல விறகு மழையில் நனைந்தால் புகையும், எரியாது. ஒரு ஐப்பசி அடைமழையில் இரண்டுமே கைவிட்டன. சரியாகக் கொதிக்காத தண்ணீரை வைத்துக்கொண்டே பிரசவம் பார்த்தார். குழந்தை பிழைத்தது. பெற்றவள், பத்திரகாளி என்ற பெண், ஜன்னி கண்டு இறந்துபோனாள். இனி ஒருத்தியை இப்படிச் சாகவிடமாட்டேன் என்று அன்றைக்கே ஞானதீபம் முடிவுசெய்துவிட்டார்.

மதுரைப் பக்கம் கதர்க்காரர்கள் நடத்திய முகாம் ஒன்றில் சாணத்திலிருந்து எரிவாயு எடுப்பதைப் பார்த்திருந்தார். மிஷனில் கெஞ்சி, கொத்தனாரைக் கொஞ்சி, இரும்புப் பட்டறைக்காரரை அதட்டி, ஆஸ்பத்திரிக் கொல்லையில் குழி வெட்டிச் செங்கல் கட்டிவிட்டார். குழியில் சாணக் கரைசல். அதன்மேல் கவிழ்த்து மிதக்கவிட்ட இரும்புத் தொட்டி. தொட்டியிலிருந்து அடுப்படிக்கு ஒரு குழாய். வாயு சேரச் சேரத் தொட்டி மேலே எழும்பும்.

இந்த நாற்றம் பிடித்த வேலை எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அலுக்காமல் பதில் சொன்னார்.

"மண்ணெண்ணெயும் ரயிலுக்குப் போடுற கரியும் கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்திச் செத்துப் புதைஞ்ச உசிருக. தோண்டி எடுத்தா தீந்துபோகும். மறுபடி உண்டாகுற வரைக்கும் நாம இருக்கமாட்டோம். மாடு தின்ன புல்லு போன மாசத்து வெயில்ல வளந்தது. வெயிலும் வரும், புல்லும் வரும், சாணியும் வரும்."

அந்த ஊரில் வெயிலுக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. ஆகவே அந்தக் கணக்கை யாராலும் மறுக்க முடியவில்லை.

வினை முதல் வாயுவில் வந்தது. முதலில் சேரும் வாயுவில் காற்று கலந்திருக்கும், பற்றவைத்தால் ஆபத்து. அதனால் ஞானதீபம் குழாயைத் திறந்து அதை வெளியே போகவிட்டார். அழுகிய முட்டை போல ஒரு வாடை தெருத்தெருவாகப் புகுந்தது. வேறு ஊராக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருப்பார்கள். இங்கே இருந்தவையெல்லாம் பட்டாசுக் கம்பெனி மூக்குகள். கந்தகம், என்றன. நர்ஸம்மா வெடிமருந்து பதுக்கி வைத்திருக்கிறார் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

மறுநாள் காலையில் கம்பெனி போர்மேன் சங்கிலிமுத்து கடப்பாரை ஆட்களோடு வந்தார். மூத்த மகனை ஒரு மருந்துக் கொட்டகை விபத்தில் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு பீடிகூடப் பற்றவைக்காதவர். இடிக்கப் போகிறோம், தப்பாக நினைக்க வேண்டாம் என்று தணிவாகவே சொன்னார்.

ஞானதீபம் கோபப்படவில்லை. "கந்தக வாடை இருக்கத்தான் செய்யும் அண்ணே. சாணத்துல கரிச்சத்தும் உண்டு. வெடியுப்பு எங்க இருக்கு?"

சங்கிலிமுத்து யோசித்தார். கந்தகமும் கரியும் இருந்தாலும் வெடியுப்பு இல்லாமல் மருந்து வெடிக்காது என்பது அவருக்குத் தெரியாததா? காற்று கலந்த முதல் வாயு நேற்றே வெளியே போய்விட்டது, தொட்டிக்குள் இப்போது காற்று இல்லை, காற்று படுகிற அடுப்பு வாயில்தான் எரியும் என்று ஞானதீபம் விளக்கியதும் புரிந்தது. ஆனால் புரிவது வேறு, பிள்ளையைப் புதைத்த மனசு வேறு. எங்கள் கம்பெனியில் புது மருந்து கலந்தால் கலந்தவனேதான் முதல் வெடியைக் கொளுத்த வேண்டும், அதுதான் முறை என்றார்.

"நான் கொளுத்துனா தொட்டிப் பக்கம் என்னாகுமோன்னு உங்களுக்குப் பயம் போகாது. நான் தொட்டி மேல உக்காந்துக்கிடுறேன். நீங்க உள்ள போயிப் பத்தவைங்க."

அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஞானதீபம் வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். தொட்டி களக்கென்று கொஞ்சம் அமிழ்ந்தது. கடப்பாரைகளைப் போட்டுவிட்டு ஆட்கள் சாலைவரை ஓடினார்கள். சங்கிலிமுத்து ஓடவில்லை. அந்த அம்மாளை அங்கே விட்டுவிட்டு எப்படி ஓடுவது? தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பற்றியது. குழாயைத் திறந்து நீட்டியதும் நீலமாக ஒரு சுடர், ஞானதீபத்தின் கனம் தொட்டியை அழுத்தியதால் நன்றாகவே உயர்ந்து நின்றது. புகை இல்லை, சத்தம் இல்லை. பாத்திரத்துத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறவரைக்கும் சங்கிலிமுத்து அங்கேயே நின்றார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கடப்பாரைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்படி ஆட்களுக்குக் குரல் கொடுத்தார்.

ஞானதீபம் இன்னும் இறங்கவில்லை.

"கொதிச்சிருச்சு நர்ஸம்மா. எறங்குங்க."

"எறங்க முடியல அண்ணே. காலு ரெண்டும் நடுங்குது."

சங்கிலிமுத்து கைகொடுத்து இறக்கிவிட்டார்.

"இம்புட்டுப் பயத்த வச்சுக்கிட்டு ஏன் ஏறுனீக?"

"வெந்நி வேணுமே அண்ணே," என்றார் ஞானதீபம்.