தையல்காரியின் முதல் மாரத்தான்

பெரிய துணிக்கடையின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, வாங்கியவர்கள் அளவு சரியில்லையென்று விட்டுப்போகும் பேன்ட்டுகளைப் பிரித்துத் தைப்பது அவள் வேலை. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் வீட்டில் அந்தப் பேச்சே அற்றுப்போனது. தங்கை கட்டிக்கொண்டு போனாள். அம்மாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியதும், பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாரும் கேட்காமலே மூத்தவள் தலையில் விழுந்தது.

முதுகுவலிக்காகத்தான் நடக்கத் தொடங்கினாள். விடிகாலையில் கிளம்பி, அம்மா கண் விழிப்பதற்குள் திரும்பிவிடுவாள். நடை மெல்ல ஓட்டமானது. "நீ யாரு?" என்று அம்மா கேட்காத பொழுது அது ஒன்றுதான்.

மாரத்தானுக்குப் பேர் கொடுத்ததும் கடையின் கட்டிங் மாஸ்டர் சிரித்தார். "ஏம்மா, மெஷின் ஓடுறது பத்தலையா? நீயும் ஓடணுமா?"

அவள் பாட்டுக்கு ஓடினாள். ஆசையில் ஆரம்பத்திலேயே பாய்ந்தால் பாதியில் மூச்சு முட்டும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். புது ஷூ கடித்து, ரத்தம் காலுறையோடு ஒட்டிக் காய்ந்தது. கால் கெஞ்சுவதற்கு முன்பே மனசு சாக்குச் சொல்லும். அதற்குக் காது கொடுக்காமலிருக்கவும் பழகினாள்.

பந்தயத்தன்று தங்கை வந்து அம்மாவோடு இருந்தாள். "நிம்மதியா போயிட்டு வாக்கா. ஒரு நாள்தானே, நான் பாத்துக்கறேன்."

பின்பாதியில் தொடை கல்லாய் இறுகியது. அழுதுகொண்டே ஓடினாள். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் முன்பின் தெரியாத ஒரு பெண் அவளைக் கட்டிக்கொண்டாள். தனக்கென்று ஒரு காரியத்தைச் செய்து முடித்த சந்தோஷம், ஓடுமுன் ஒப்படைத்த பையை வாங்கிப் போனை எடுக்கும்வரை நிலைத்தது.

தங்கை கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தாள். அவள் பால் காய்ச்சப் போன நேரத்தில், அம்மா தெருவில் இறங்கப் போய்ப் படியில் சறுக்கி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தாள்.

மார்பில் குத்திய நம்பரோடே ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலிலேயே தங்கை பிடித்துக்கொண்டாள்.

"போனைக் கையிலயே வச்சிருக்கக் கூடாதாக்கா? ஒரு நாள் ஓடலேன்னா குடியா முழுகிடும்?" சொன்ன வாயாலேயே உடைந்தும் போனாள். "அடுப்படியிலதான்க்கா இருந்தேன். சத்தியமா அடுப்படியிலதான்..."

அக்கா அவளை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். கட்டிலருகே போய் நின்றாள். அம்மா கண் திறந்தாள்.

"யாரும்மா நீ? ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"ஓடி வந்தேம்மா."

"ஐயோ பாவம். வர்ற வழியில எம் பெரிய பொண்ணைப் பாத்தியா? காலையிலேர்ந்து காணோம். அவளைத் தேடித்தான் இறங்கினேன்."

"பாத்தேம்மா. வந்துட்டே இருக்கா."

அம்மா அதன்பின் எழுந்து நடக்கவேயில்லை. தங்கையின் வரத்து குறைந்தது; வந்தாலும் இருவரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை.

அவள் ஓட்டத்தை விட்டுவிடவில்லை. ஆனால் பெரிய சாலைக்குப் போவதில்லை. வீட்டை ஒட்டிய சந்துகளிலேயே, அம்மா கூப்பிட்டால் காதில் விழும் தூரத்துக்குள், சுற்றிச் சுற்றி வருகிறாள்.