ரோட்டைப் பார்த்த பேனல்கள்

படகுத்துறையில் அவளை எல்லோரும் ஒயரிங்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கரண்ட் கம்பங்கள் ஏரியின் எதிர்க்கரையோடு நின்றுவிட்டன. அங்கே உல்லாசப் படகு வைத்திருப்பவர்களின் கிளப் இருக்கிறது. இந்தக் கரையில் மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பம் ஏன் வரவில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பழுதான படகைக் கரையேற்ற ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். அப்படி இழுக்கும்போது கயிறு அறுந்து, படகு சறுக்கி, அவள் புருஷனின் ஒரு முழங்கால் நசுங்கிப்போனது. தலைவிதி என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களை, "விதி அறுந்துச்சா, கயிறு அறுந்துச்சா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள்.

கம்பத்துக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு, வெயிலில் ஓடும் படகுத் தூக்கிக்குத் திட்டம் போட்டாள். மீனவர் சங்கம் சாமான் வாங்கித் தந்தது. மோட்டார் ஓடும்போது இழுக்கும் கரண்ட்டைவிடக் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். அந்த முதல் விழுங்கலைத் தாங்கும்படி பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் தேர்ந்தெடுத்தாள். பேனல் சட்டத்தை ஒற்றைத் தூணில் ஏற்றி, உச்சி வெயில் நேராக விழும்படி ஏரிப் பக்கம் திருப்பி முடுக்கினாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அவள் வேறு வேலைக்குப் போயிருந்தாள். சங்கத் தலைவர் ஆள் வைத்துப் பேனல்களை ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். விருந்தினர் காரைவிட்டு இறங்கும்போது பளபளவென்று கண்ணில் பட வேண்டுமாம். போதாததற்கு மேடையின் மைக், விளக்கு, மின்விசிறி எல்லாவற்றுக்கும் அதே பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்திருந்தார்.

காலையில் வந்து பார்த்தவள் ஸ்பேனரை எடுத்தாள். தூணுக்குப் போனவளைத் தலைவரின் ஆட்கள் மறித்துக்கொண்டார்கள்.

"ஒரு நாளைக்குத்தானே தங்கச்சி, சூரியன் கோவிச்சுக்கவா போகுது?" என்றார் தலைவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

முதலில் ஏறவிருந்தது அவள் வீட்டுப் படகு. இருந்ததே அது ஒன்றுதான். அடிப்பலகையில் விரிசல், துணியும் தாரும் வைத்து அடைத்திருந்தார்கள். இன்றைக்கு வேண்டாம் என்று அவள் தடுத்தும், அவள் கணக்குத் தப்பாது என்று புருஷன் உள்ளே உட்கார்ந்துவிட்டான்.

அடியில் சுற்றிய தூக்குப் பட்டைகள் இறுகிப் படகு பாதி எழும்பியதும் மோட்டார் நின்றது. உரசிய பட்டையில் அடைப்பு பிய்ந்து, தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மேடையில் தலைவர் தன் சாதனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் மேடை ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். பாதி வார்த்தையில் மைக் செத்தது. பிறகு ஸ்பேனரோடு தூணுக்கு ஓடினாள். இப்போது யாரும் மறிக்கவில்லை. மறித்தவர்களே தோள் கொடுத்துச் சட்டத்தை ஏரிப் பக்கம் தள்ளினார்கள்.

"பட்டனை அழுத்தேன்மா!" என்று கத்தினார் தலைவர்.

"மீட்டர் முள்ளு ஏறட்டும். இப்ப அழுத்தினா மறுபடி படுத்துக்கும். பேட்டரி கரண்ட்டையெல்லாம் உங்க பேச்சு குடிச்சிருக்கு."

கரை மொத்தமும் அழுத்து அழுத்து என்று கூச்சல் போட்டது. அவள் மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கெட்டால் தண்ணீரை இறைத்துக்கொண்டே புருஷன் குரல் கொடுத்தான்: "முழங்கால் நனைஞ்சிடுச்சு. நல்ல கால்தான், அவசரமில்ல."

முள் அவள் குறித்திருந்த கோட்டைத் தொட்டது. அழுத்தினாள். மோட்டார் முனகியது, திணறியது, பிறகு தூக்கியது. விரிசலில் தண்ணீர் ஒழுக ஒழுக, படகு தண்ணீரைவிட்டு முழுசாக மேலே வந்தது.

பேனல்கள் ஏன் ரோட்டுக்கு முதுகைக் காட்டுகின்றன என்று விருந்தினர் கேட்டார்.

"சூரியன் ரோட்டுல வர்றதில்லைங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே, இனி யாரும் திருப்ப முடியாதபடி தூண் நட்டுகளை வெல்டிங் வைத்துவிட்டாள். மறுநாள் தலைவர் தன் பெயர்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, இதை எங்கே மாட்டுவது என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்டார்.

பேனல்களின் முதுகைக் காட்டினாள். "அங்க மாட்டிக்குங்க. பேனல்ல நிழல் விழாது."