தலைவலியும் சைலென்சரும்

என் காரின் என்ஜினில் பதினோரு இடங்களில் நகப்பூச்சு இருக்கிறது. மெரூன் நிறம். மெக்கானிக்கிடம் வண்டியை விடுவதற்கு முந்தைய நாள் நானே உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் அதை ஒட்டிய இரும்பிலும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிடுவேன். போல்ட்டைக் கழற்றி மாட்டினால் கோடு விலகிவிடும். கழற்றாமலேயே கழற்றியதாக எவரும் என்னிடம் கதை விட முடியாது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சந்தேகம் என்று ஒன்று இருந்தால் மூளை தானாக வேலை செய்யும்.

பாட்டில் சீக்கிரம் தீர்ந்துபோகிறதே என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். "நீ ரெண்டு தடவ பூசறே, அதான்" என்று சொல்லிவிட்டேன்.

எங்களுக்கு வீடு முடிச்சூரில். வேலை இரண்டு பேருக்கும் கேளம்பாக்கத்தில். எனக்கு ஒரு கல்லூரி அலுவலகம், அவளுக்கு ஒரு கம்பெனியின் நிர்வாகப் பிரிவு. மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். கார் அவளைவிட ஒரு வயது மூத்தது. தினமும் அந்தக் காரில்தான் வண்டலூர் வழியாக ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புவோம்.

மார்கழியில் மனைவிக்குத் தலைவலி ஆரம்பித்தது. வண்டலூரைத் தாண்டியதும் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். மாம்பாக்கம் வருவதற்குள் கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவாள். வயிற்றைப் புரட்டுகிறது என்பாள். "வண்டிக்குள்ள ஏதோ வாடை வருதுங்க" என்று தினமும் சொன்னாள். நான் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பேன். எனக்கு ஒரு வாடையும் வரவில்லை. ஜன்னலில் முழங்கையை வைத்து ஓட்டுவது என் பழக்கம், அதனால் என் பக்கக் கண்ணாடி எப்போதும் இறங்கியே இருக்கும். புழுதி ஆகாது என்று அவள் தன் பக்கத்தை ஏற்றி வைத்திருப்பாள். இந்த வித்தியாசம் அப்போது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் வேறு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குத் தலைவலி வருவதில்லை. அதைத்தான் நான் முதலில் குறித்துக்கொண்டேன். ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது என்று அவளே சொன்னாள். அதையும் குறித்துக்கொண்டேன். ஒரு நாள் அவளுடைய தம்பியின் புது வண்டியில் மகாபலிபுரம் வரை போய்வந்தோம். போகும்போதும் வரும்போதும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நம் வண்டியில் ஏறினால் மட்டும் வருகிற தலைவலி, தலைவலியே அல்ல. இந்த வண்டியைத் தலைமுழுக வைக்க அக்காவும் தம்பியும் சேர்ந்து போடுகிற நாடகம்.

தம்பி, அதாவது என் மச்சான், சும்மா இருக்கிற ஆளும் இல்லை. புது கார்களின் படங்களை அக்காவின் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பான். "மாமா, அந்த டப்பாவ எக்ஸ்சேஞ்சுல போட்டுடுங்க மாமா" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான். டப்பா என்ற சொல்லை அவன் சிரித்துக்கொண்டே சொல்வதுதான் எனக்கு ஆகாது.

இந்த நேரத்தில் போர்ட்டிகோ தரையில் எண்ணெய்ச் சொட்டுகள் விழ ஆரம்பித்தன. வண்டியடியில் செய்தித்தாளை விரித்து, தினமும் காலையில் சொட்டுகளை எண்ணி ஓரத்தில் தேதி எழுதி வைத்தேன். முதல் வாரம் மூன்று சொட்டு, பிறகு ஏழு, பிறகு எண்ண முடியாமல் ஒரு வட்டம். சரி என்று முடிச்சூர் ரோட்டில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். பத்து வருஷப் பழக்கம். பத்து வருஷமாக அவரை நான் நம்பியதில்லை, அது அவருக்கும் தெரியும்.

வண்டியடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "சார், டாப் கவர் பேக்கிங் போயிடுச்சி, ஆயிலு அங்கேர்ந்து ஒழுவுது. சைலென்சர் பைப்பு வேற ஓட்டையா கீது. ரெண்டையும் பாத்துடலாம் சார்."

"போன தடவ நீங்க பாத்தப்ப ஓட்டை இல்லையே?"

"துரு சார். சொல்லிகினா வரும்?"

அந்தப் பதில் எனக்குத் திருப்தி தரவில்லை. அடியில் படுத்திருந்தபோது அவர் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. ஒரு குத்துக் குத்த எவ்வளவு நேரம் ஆகும்? போதாததற்கு, "வண்டிய குடுத்துடுங்க சார், இன்னும் எத்தினி நாளிக்கு" என்றும் சொன்னார். மச்சான் பேசுகிற அதே பேச்சு. இவருக்கும் அவனுக்கும் எங்கே பழக்கம் ஏற்பட்டது என்று வீடு வரும்வரை யோசித்தேன். வண்டியை நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். சரி செய்த பிறகும் அவளுக்குத் தலைவலி வந்தால் நாடகம் கையும் களவுமாகப் பிடிபட்டுவிடும்.

சனிக்கிழமை காலை லுங்கியைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தாம்பரத்தில் வாங்கிவந்த, கசிவை அடைக்கிற புது ரப்பர் பேக்கிங், சைலென்சர் ஓட்டை அடைக்கிற பசை, தகடு, இரண்டு கிளாம்ப், எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பினேன். முதலில் என்ஜினின் மேல்மூடி. கழற்றினால், பழைய பேக்கிங் தேய்ந்த செருப்பு வார் மாதிரி இறுகிப்போய் துண்டு துண்டாக வந்தது. அதன் வழியாகக் கசிந்த எண்ணெய் சூடான புகைக்குழாய் மேல் இறங்கிக் கருகியிருந்தது. மெக்கானிக் சொன்னது சரிதான். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, புது பேக்கிங்கை உட்கார வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன்.

பிறகு முன்சக்கரங்களை மரக்கட்டைகள் மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அடியில் நுழைந்தேன். டார்ச் அடித்து ஓட்டையைத் தேடிப் பிடித்தேன். ஸ்க்ரூடிரைவர் குத்தியிருந்தால் ஓரம் உள்பக்கமாக மடிந்திருக்கும். இது சுற்றிலும் அப்பளம் மாதிரி அரித்துப்போய், விரல் பட்டதும் உதிர்ந்தது. சுத்தமான துரு. நெடுநேரம் டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மனிதன் தப்பு செய்யவில்லை என்று தெரிந்து ஏமாற்றமடைகிற ஆள் நான். இதைச் சொல்ல இப்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

தேய்த்து, பசை தடவி, தகட்டைச் சுற்றி, கிளாம்பை முடுக்கினேன். பசை காய்வதற்குள் சாப்பாடு ஆயிற்று. மாலை நான்கு மணிக்கு என்ஜினை ஓடவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன். ஈரத்துண்டால் பின்னால் சைலென்சர் வாயை ஒரு கணம் அவள் அழுத்த வேண்டும். எங்காவது ஓட்டை மிச்சமிருந்தால் புகை அந்த வழியாகச் சீறும், நான் காது கொடுத்துக் கேட்பேன். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். துண்டை மடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியபடி அவள் அழுத்தினாள். ஒட்டுப்போட்ட இடத்தில் சத்தமே இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இப்ப உன் சீட்டுல உக்காந்து பாரு. கதவ மூடாதே" என்றேன்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"வருதுங்க" என்றாள். "வாடை அப்படியேதான் வருது."

மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். ஓட்டையை என் கையால் அடைத்திருக்கிறேன், சீறவில்லை என்று என் காதால் கேட்டிருக்கிறேன், இவள் இன்னும் வருகிறது என்கிறாள். கோபம்கூட வரவில்லை, ஜெயித்துவிட்ட நிதானம்தான் வந்தது. பூஜை அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்துவந்தேன். காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தால் ஊதுபத்திப் புகை அலையும். வராவிட்டால் நேராக ஏறும். புகை நேராக ஏறுவதை அவள் கண்ணெதிரே காட்டி, அதன் பிறகு பேசலாம் என்று இருந்தேன்.

"கால கொஞ்சம் எடு" என்று சொல்லி, அவள் பாதம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை நேராக ஏறவில்லை. கீழேயிருந்து யாரோ ஊதியதுபோல விட்டுவிட்டுத் தள்ளப்பட்டு, அவள் முழங்கால் பக்கம் போயிற்று.

ஓடிப்போய் என்ஜினை அணைத்தேன். அவளை இறங்கச் சொல்லிவிட்டு, காலடியில் விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன். அதன் அடிப்பக்கம் வட்டமாகக் கரி பிடித்திருந்தது. தரைத் தகட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே போர்ட்டிகோவின் தரை தெரிந்தது. துளை துருப்பிடித்து விழுந்தது அல்ல. கம்பெனிக்காரன் போட்டது. அதற்கு ஒரு ரப்பர் மூடி உண்டு. அந்த மூடியை எடுத்தவன் நான்.

முடிச்சூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2015 பெருவெள்ளத்தில் எங்கள் தெருவில் நின்ற கார்களெல்லாம் சீட்டு உயரத்துக்கு மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகும் வண்டிகளுக்குள் குளம் நின்றது. தரையிலிருக்கும் ரப்பர் மூடிகளைப் பிடுங்கித்தான் வடிய விட்டோம். அன்றிலிருந்து தெருவில் பாதிப் பேருக்கு இது ஒரு சடங்கு. ஐப்பசி பிறந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று மூடிகளைப் பிடுங்கி வைத்துவிடுவோம், தை பிறந்ததும் திரும்ப மாட்டுவோம். போன ஐப்பசியில் நான் நான்கைப் பிடுங்கினேன். மழை சீக்கிரம் விட்டுவிட்டதால் கார்த்திகைக் கடைசியிலேயே திரும்ப மாட்டினேன். மூன்றுதான் மாட்டியிருக்கிறேன். நான்காவது, ஆணிகள் போட்டு வைக்கிற டப்பாவில் கிடந்தது. உலகத்தில் எல்லார்மேலும் சந்தேகப்பட்டவன், என் கையை மட்டும் சந்தேகப்படவில்லை.

அந்தத் துளைக்கு நேர் கீழேதான் புகைக்குழாயின் மூட்டு. அங்கேயும் பேக்கிங் போயிருந்தது. நான் ஒட்டுப்போட்ட இடத்தையே கேட்டுக்கொண்டிருந்ததில் அந்தச் சீறல் என் காதில் விழவில்லை. மூட்டுப் போல்ட் துருவேறி என் கைக்கு அசையவில்லை. மானத்தை விட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். பானெட்டைத் திறந்ததும் அவர் கண்ணில் பட்டது மெரூன் கோடுகள்தான்.

"இன்னா சார், இந்த தபாவும் என்ஜினுக்கு மருதாணி வெச்சிகீறீங்க?"

போல்ட்டைக் கழற்றி, மூட்டுக்குப் புது வளையம் போட்டுவிட்டு வெளியே வந்தவரிடம் ரப்பர் மூடி விஷயத்தையும் மார்கழியிலிருந்து மனைவிக்கு வருகிற தலைவலியையும் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"தண்ணி கீயேர்ந்துதான சார் வரும்? அத்தத் தொறந்து வெச்சிகினா இன்னும் சுளுவா உள்ள வந்துடாது?"

பத்து வருஷமாக எங்கள் தெருவில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அவர் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா மூணு மாசமா இந்தப் பொகையிலயா சார் வந்துகினு இருந்தாங்கோ?" என்று கேட்டார். என் சிரிப்பு அதோடு நின்றுபோயிற்று. புகைக்குழாய் வாயு ஆளையே கொல்லும் என்று எனக்குத் தெரியாததில்லை. மூடிய அறையில் என்ஜினை ஓடவிடக் கூடாது என்று மகளுக்குப் பாடம் எடுத்தவன் நான்.

திங்கட்கிழமை கிளம்பினோம். அவள் பக்கக் கண்ணாடியை நானே இறக்கிவிட்டேன். வண்டலூர் தாண்டியது. ஓரக்கண்ணால் பார்த்தேன், கை நெற்றிக்குப் போகவில்லை. கண்டிகை, மாம்பாக்கம் எல்லாம் போயின. அவள் கண்ணைத் திறந்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கேளம்பாக்கத்தில் அவள் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

"வலிக்குதா?" என்று பதறினேன்.

இல்லை என்று தலையாட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மாசி மாசம் ஒரு நாள் ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு ஸ்கேன் எடுத்துட்டு வந்தேன். தலைக்குள்ள கட்டி ஏதாவது இருக்குமோன்னு பயமா இருந்துச்சு. ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாங்க. ஒண்ணும் இல்லாம ஏன் இப்படி வலிக்குதுன்னு அப்புறம் இன்னும் பயமாயிடுச்சு."

"தனியாவா போனே? தம்பியயாவது கூப்பிட்டிருக்கலாமே."

"அவன் பயந்துடுவான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்ததையும் என் பக்கத்துச் சாட்சியாகத்தான் சேர்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். ஒரு கால் வெளியே இருந்தது.

"ஸ்கேனுக்கு உள்ள அனுப்பறதுக்கு முன்னாடி, கூட யார் வந்திருக்காங்கன்னு அங்க இருந்த நர்ஸ் பொண்ணு கேட்டா" என்றாள். "நீங்க வெளிய கார்ல உக்காந்திருக்கீங்கன்னு சொன்னேன்."